டிரெய்லர் இழுக்கும்போது ஓவர்டிரைவை அணைக்க வேண்டுமா? ஒரு டீசல் பிக்அப் ஓட்டுநரின் குறிப்புகள்

2 பிப்ரவரி 2025

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய டீசல் பிக்அப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். நான்கு கியர் தானியங்கி. கியர்த் தண்டின் பக்கவாட்டில் ஓவர்டிரைவ் பொத்தான் இருக்கிறது. ஒன்றரை டன் டிரெய்லர் இழுக்கும்போது அதை அணைத்தே ஆக வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் சொல்கிறார். டீசலுக்கு இழுவை அதிகம், அணைத்தால் டீசல் எண்ணெய்தான் வீணாகும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?"

முதலாமவர் சொல்வதைக் கேளுங்கள், அணைத்துவிடுங்கள்.

பந்தல், விளக்கு, ஜெனரேட்டர் ஆகியவற்றை வாடகைக்கு விடும் ஒரு சிறிய நிறுவனத்தில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சிங்கப்பூரில் திருமணம், கோயில் விழா, சமூக மன்ற நிகழ்ச்சி என்று எங்கு அழைத்தாலும் சக்கரம் பூட்டிய ஜெனரேட்டரைப் பிக்அப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு போவதே என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: டிரெய்லர் மாட்டிய வண்டிக்கு ஓவர்டிரைவ் எப்போதும் கெடுதல். ஓவர்டிரைவ் கியர் கியர்பாக்ஸின் பலவீனமான உறுப்பு. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது வெளித்தண்டு ஒரு சுற்றுக்கு மேல் சுற்றும்படி அமைக்கப்பட்டது அது. ஆள் மட்டும் இருக்கும் வெறும் வண்டி சீரான வேகத்தில் போகும்போது எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்க வந்த ஏற்பாடு. ஒன்றரை டன் பாரத்தைப் பின்னால் கட்டிவிட்டு எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்க நினைப்பது முறையாகாது.

அன்றே, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். "எப்போதும்" என்ற சொல்லை அவசரத்தில் போட்டுவிட்டேன். காரணம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

2016-இல் எங்களிடம் ஐந்து கியர் மேனுவல் பிக்அப் ஒன்று இருந்தது. அதன் ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ். டீசல்தானே, குறைந்த சுற்றிலும் இழுக்கும் என்று நம்பி, 50 கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாவது கியரில் போட்டு ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கால் மிதிக்கு அடியில் ஒரு நடுக்கம் வரும், கதவு அதிரும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளின் விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரியும். அது எஞ்சின் குறைந்த சுற்றில் பாரம் தாங்காமல் முக்குகிற அறிகுறி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஓராண்டுக்குள் எஞ்சினை அணைக்கும்போதெல்லாம் கடகடவென்று ஓசை வரத் தொடங்கியது. அதிர்வை விழுங்குவதற்காக நடுவில் வில்சுருள் வைத்த இரட்டைப் பளுச் சக்கரம் தேய்ந்துபோயிருந்தது. கிளட்சும் அதனுடன் போனது. சுங்கை காடுட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டி இரண்டு வாரம் நின்றது. செலவு 2,000 வெள்ளிக்கு மேல். முதலாளி என்னை ஒரு சொல் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது.

இந்த நினைவு இருப்பதால்தான் ஓவர்டிரைவ் என்றாலே அணை என்று எழுதத் தோன்றுகிறது. கேட்டவருக்கு என் பயத்தைக் கொடுப்பது சரியில்லை. காரணத்தைக் கொடுக்க வேண்டும். இந்த வாரத்தில் எழுதுகிறேன்.

5 பிப்ரவரி 2025

ஜோகூர் பாருவில் இருக்கும் என் மச்சான் 2.8 லிட்டர் டீசல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப் வைத்திருக்கிறார். ஆறு கியர் தானியங்கி. கணக்குப் போட அது வசதியான வண்டி. நான்காவது கியர் ஒன்றுக்கு ஒன்று, அதாவது வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சினும் ஒரு சுற்றுச் சுற்றும் நேர்கியர். ஐந்தாவது 0.687, ஆறாவது 0.580. ஒன்றுக்குக் கீழே இருப்பதெல்லாம் ஓவர்டிரைவ் என்பதால் அந்த வண்டியில் ஓவர்டிரைவ் ஒன்றல்ல, இரண்டு. பின்னச்சின் பல்விகிதம் 3.909. சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.4 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்த எஞ்சினின் முழு முறுக்குவிசையான 450 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 1,600 சுற்றிலிருந்து 2,400 சுற்று வரை கிடைக்கிறது. அதற்குக் கீழே டர்போ போதிய காற்றைத் தள்ளுவதில்லை. டீசலுக்கு இழுவை அதிகம் என்று சொல்பவர்கள் மறந்துவிடும் செய்தி இது. டீசலின் இழுவை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது; அந்த எல்லையின் கீழ்க்கோட்டுக்கு அப்பால் அது பெட்ரோலைவிட மோசமாக முக்கும்.

இனி 70 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போடுங்கள். நேர்கியரில் 1,900 சுற்று. ஐந்தாவதில் 1,305. ஆறாவதில் 1,100. பின்கதவில் 70 என்ற வேக வரம்பு வட்டம் ஒட்டிய சிங்கப்பூர் பிக்அப், டிரெய்லர் இல்லாமலே அதற்குமேல் போகக் கூடாது. டிரெய்லருடன் நான் இடது தடத்தில் 50-ஐ ஒட்டித்தான் ஓட்டுகிறேன். அந்த வேகத்தில் ஐந்தாவது கியர் போட்டால் 930 சுற்று. அது எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும் நிலைக்குக் கொஞ்சம்தான் மேலே. நேர்கியரில்கூட 1,350 தான் வருகிறது. மூன்றாவதில்தான் 2,000 சுற்று.

ஆகவே இந்தத் தீவுக்குள் டிரெய்லர் இழுப்பவருக்கு ஓவர்டிரைவ் தேவையா என்ற கேள்வியே எழுவதில்லை. நம் வேகத்தில் அது முறுக்குவிசையின் எல்லைக்குள் வருவதே இல்லை. மலேசிய நெடுஞ்சாலையில் 90-இல் போகும்போது நிலைமை வேறு. அங்கே ஆறாவது கியரில் 1,600-க்கு மேல் சுற்று கிடைக்கும்.

9 பிப்ரவரி 2025

திருத்தம். 90 கிலோமீட்டரில் 1,600-க்கு மேல், அதாவது 1,680 சுற்றுத் தருவது ஐந்தாவது கியர். ஆறாவதில் 1,420 தான். வரியை மாற்றிப் படித்துவிட்டேன். இந்தத் தவறு சிறியதன்று: இதை நம்பி ஒருவர் பாரத்துடன் ஆறாவதில் ஓட்டியிருந்தால் நான் 2016-இல் செய்த அதே பிழையைச் செய்திருப்பார்.

13 பிப்ரவரி 2025

தைப்பூச வேலைகள் முடிந்தன. நான்கு நாளில் ஒன்பது முறை டிரெய்லர் மாட்டிக் கழற்றினேன். இந்த முறை ஒரு வேலை செய்தேன்: வண்டியின் பரிசோதனைத் துளையில் ஒரு சிறு கருவியைச் செருகி, கியர்பாக்ஸ் எண்ணெயின் வெப்பத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எங்கள் இப்போதைய வண்டியும் தானியங்கிதான்.

எண்ணெய் 85, 90 டிகிரியில் இருந்தால் கவலையில்லை. 120-ஐத் தாண்டி நீடித்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். பத்து டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் சொல்லப்படும் தோராயமான விதி. கியர்பாக்ஸைக் கெடுப்பது பெரும்பாலும் பாரமன்று, அந்தப் பாரத்தால் பிறக்கும் வெப்பம்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிப் பிறகு.

வெப்பம் எங்கே பிறக்கிறது என்பதை இந்த நான்கு நாளில் கண்ணால் பார்த்தேன். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் ஒரு விசிறி எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் எதிர்விசிறியைச் சுழற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது நடுவில் இருக்கும் எண்ணெய் கடையப்படுகிறது. கடையப்படும் எண்ணெய் சுடுகிறது. சீரான வேகம் வந்ததும் உள்ளே ஒரு தகடு இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். அதைத்தான் லாக்-அப் என்கிறோம். பூட்டு விழுந்த கணத்தில் சுற்றுமானி முள் 200 சுற்றுப் போலச் சட்டென்று இறங்கும், வேகம் குறையாது. ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அது உங்கள் கண்ணிலிருந்து தப்பாது.

புக்கிட் தீமா விரைவுச்சாலையில் டெய்ரி ஃபார்ம் பக்கம் ஏறும்போது வேண்டுமென்றே, எல்லாக் கியரையும் கியர்பாக்ஸே தேர்ந்தெடுக்கும் "டி" நிலையிலேயே விட்டேன். கியர்பாக்ஸ் ஓவர்டிரைவுக்கு ஏறும்; ஏற்றம் கொஞ்சம் கூடியதும் இழுக்க முடியாமல் பூட்டைத் திறக்கும்; அப்படியும் முடியாமல் ஒரு கியர் இறங்கும்; இறங்கியதும் வேகம் வந்துவிட்டது என்று மறுபடியும் ஏறும். ஒரே ஏற்றத்தில் ஆறு முறை இப்படி ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் கிளட்ச் தகடுகள் உரசுகின்றன, கன்வெர்ட்டரின் பூட்டு திறந்து மூடுகிறது. வெப்பம் 91-இலிருந்து 108-க்குப் போனது. மறுநாள் அதே ஜெனரேட்டருடன், அதே நேரத்தில், ஓவர்டிரைவை விலக்கிவிட்டு ஏறினேன். கியர் மாறவே இல்லை. 96-ஐத் தாண்டவில்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு இதுதான் நேரான பதில். கியர்பாக்ஸ் கியரைத் தேடி அலையத் தொடங்கினால் பொத்தானை அழுத்துங்கள். அலைவதற்கு முன்பே அழுத்தினால் இன்னும் நல்லது.

13 பிப்ரவரி, தொடர்ச்சி

முதல் குறிப்பில் "ஓவர்டிரைவ் கியர் பலவீனமான உறுப்பு" என்று எழுதியிருந்தேன். இதிலும் பாதிதான் உண்மை இருக்கிறது.

மேனுவல் கியர்பாக்ஸில் நேர்கியர் போட்டால் உள்தண்டும் வெளித்தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். விசை பக்கத்துத் தண்டின் பற்கள் வழியாகப் போவதில்லை. பற்களுக்குச் சுமை இல்லை. ஓவர்டிரைவில் விசை முழுவதும் பக்கத்துத் தண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பழைய நான்கு கியர் பெட்டியை நீட்டி ஐந்தாவது கியர் சேர்த்த வண்டிகளில் அந்தப் பல்சக்கரம் தண்டின் கடைக்கோடியில் தனியாக உட்கார்ந்திருக்கும். அங்கே பலவீனம் என்று சொல்வது நியாயம்.

பழைய நான்கு கியர் தானியங்கிகளிலும், மூன்று கியர் பெட்டியுடன் ஓவர்டிரைவுக்கென்று தனிக் கோள்பல்சக்கரத் தொகுதி ஒன்றைச் சேர்த்த அமைப்பு பரவலாக இருந்தது. வாசகரின் வண்டி அந்தக் காலத்தது. அந்தப் பொத்தானே அந்தக் காலத்தின் அடையாளம்.

ஆனால் இப்போதைய ஆறு கியர் தானியங்கிகளில் ஓவர்டிரைவுக்கென்று தனியாக ஒட்டவைத்த உறுப்பு இல்லை. அதே பல்சக்கரத் தொகுதிகளை வேறு வேறு கிளட்சுகள் பிடிப்பதில்தான் எல்லாக் கியரும் உருவாகின்றன. "ஓவர்டிரைவ் பலவீனம், தொடாதே" என்ற பழைய எச்சரிக்கையை அப்படியே இந்த வண்டிகளுக்குப் பூட்ட முடியாது. என்னுடைய "எப்போதும்" இங்கேயும் தவறுகிறது.

2 மார்ச் 2025

பருவமழை முடிந்து கிழக்குக் கடல் அமைதியானதும் மச்சான் படகை வெளியே எடுத்துவிட்டார். படகும் டிரெய்லரும் சேர்ந்து 1,300 கிலோ. நேற்று பெங்கெராங் பக்கம் போகலாம் என்று அழைத்தார். நான் போனதற்குக் காரணம் மீன் மட்டுமன்று; வெப்பமானியைப் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

சினாய்–டெசாரு நெடுஞ்சாலை சமதளம், கூட்டம் குறைவு. இடது தடத்தில் 90 வைத்து, கியர்த் தண்டை "எஸ்" நிலைக்குத் தள்ளி, ஆறாவதுக்கு ஏறாதபடி ஐந்தில் நிறுத்தினேன். 1,700 சுற்றை ஒட்டி முள் நின்றது. கன்வெர்ட்டர் பூட்டிக்கொண்டது, திறக்கவே இல்லை. எண்ணெய் வெப்பம் 88. பிறகு நான்குக்கு இறக்கினேன். சுற்று 2,450 ஆனது, எஞ்சின் ஓசை கூடியது, எண்ணெய் வெப்பமோ இறங்கவில்லை. 89-இல் நின்றது. அரை மணி நேரம் இப்படியே மாற்றி மாற்றிப் பார்த்தேன். மச்சான் பொறுமையாக இருந்தார்.

அணைத்தால் டீசல் எண்ணெய்தான் வீணாகும் என்று சொன்ன அந்த இரண்டாமவர், இந்தச் சாலையில், இந்த வேகத்தில் சொல்லியிருந்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சமதளம், சீரான வேகம், பூட்டு திறக்காத கன்வெர்ட்டர், சுற்று 1,600-க்கு மேல். இந்த நான்கும் ஒன்றாக அமைந்தால் ஓவர்டிரைவால் வண்டிக்கு ஒரு தீங்கும் இல்லை. சில பழைய தானியங்கிகளில் பொத்தானை அணைத்தால் மூன்றாவது கியரில் பூட்டு தாமதமாகத்தான் விழும். அப்படிப்பட்ட வண்டியில் சமதளத்தில் பிடிவாதமாக அணைத்து வைத்தால் வெப்பம் கூடவும் செய்யலாம்.

ஜோகூர் ஆற்றுப் பாலம் வந்தது. 1.7 கிலோமீட்டர் நீளம், நடுவில் உயர்ந்து இறங்கும். ஏறத் தொடங்கியதும் ஐந்தாவதில் மிதியை இன்னும் அழுத்த வேண்டியிருந்தது, முள் 200 சுற்றுத் துள்ளியது, பூட்டு திறந்துவிட்டது. நான்குக்கு இறக்கினேன். அடுத்த கணமே பூட்டு விழுந்தது. அந்த ஒரு பாலத்தில் இரண்டு பாடமும் கிடைத்துவிட்டன.

3 மார்ச் 2025

மச்சான் கேட்கிறார், 80-இல் போனால் என்ன என்று. ஐந்தாவதில் 1,490 வரும். டிரெய்லர் வெறுமையாக இருந்தால் பரவாயில்லை. படகு ஏறியிருந்தால் நான்காவது, 2,170 சுற்று.

16 மார்ச் 2025

மெர்சிங் போய் வந்தோம். ஜோகூர் பாருவிலிருந்து 130 கிலோமீட்டர் போல. கோத்தா திங்கியைத் தாண்டியதும் சாலை எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கி வளைந்து போகும். ஒரு தடம் போக, ஒரு தடம் வர. இங்கே நான்குக்கு மேல் விடவே இல்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது இறக்கத்தைப் பற்றி. இந்தக் குறிப்புகளைத் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. இதுவரை ஏற்றம், இழுவை, வெப்பம் என்றே எழுதியிருக்கிறேன். டிரெய்லர் ஓட்டுபவரின் உயிர் இறக்கத்தில்தான் இருக்கிறது. இதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்றுவாய் மூடிக்கொள்ளும். உள்ளே வெற்றிடம் உண்டாகி எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசலில் அப்படி மூடிப் பிடிக்கும் அமைப்பு அடிப்படையில் இல்லை. அதனால் டீசலின் எஞ்சின் பிரேக் இயல்பிலேயே பலம் குறைந்தது. பெரிய லாரிகளுக்குப் புகைவாயை அடைத்துப் பிடிக்கும் பிரேக் தனியாக வைப்பது இதற்காகத்தான். நம் பிக்அப்களில் பெரும்பாலும் அது இல்லை. இருக்கிற கொஞ்சப் பிடியையும் ஓவர்டிரைவ் எடுத்துவிடுகிறது. சக்கரம் எஞ்சினைச் சுற்றவைக்கும் வேகம் குறைவாக இருப்பதால் எஞ்சின் தடுக்கும் விசையும் குறைந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு கெப்பல் பக்கமிருந்து மரினா கோஸ்டல் விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் ஜெனரேட்டருடன் இறங்கினேன். கடல்தரைக்கு அடியில் 420 மீட்டர் தூரம் போகும் சாலை அது. கடல்தரைக்கும் கீழே இறங்க வேண்டும் என்றால் சரிவு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். "டி"-யில் விட்டிருந்தேன். காலை எடுத்ததும் கியர்பாக்ஸ் பாரம் இல்லை என்று எண்ணி மேல் கியருக்குப் போய்விட்டது. பின்னால் ஜெனரேட்டர் தள்ளத் தொடங்கியது. பிரேக் மிதித்தேன், விட்டேன், மிதித்தேன். சுரங்கத்தின் அடியை எட்டுவதற்குள் கருகிய வாடை கண்ணாடி மூடிய வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது. முன்னால் போன பேருந்து ஒன்று மெதுவாக்கியபோது என் மிதி முன்பைவிட ஆழமாக இறங்கியது. நின்றுவிட்டேன், இடித்துவிடவில்லை. ஆனால் அன்று கை நடுங்கியது, வெளியே வந்து ஓரமாக நிறுத்திக்கொண்டு பத்து நிமிடம் இருந்தேன்.

இப்போது சுரங்கத்தின் வாயைக் காணும்போதே, இறங்கத் தொடங்குவதற்கு முன்பே, கியரை இறக்கிவிடுகிறேன். இறக்கத்தின் நடுவில் இறக்க நினைத்தால் பல வண்டிகள் சுற்று எகிறும் என்று மறுத்துவிடும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தக் கியரில் இறங்குவது என்பது பழைய லாரிக்காரர்களின் வழக்கம். நான் அதைக் கடைப்பிடிக்கிறேன்.

டிரெய்லருக்கும் தன் பிரேக் சரியாக இருக்க வேண்டும். ஹைலக்ஸ் போன்ற பிக்அப்பில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் எல்லை. மச்சானின் படகு டிரெய்லர் வண்டி மெதுவாகும்போது கொக்கியில் அழுந்தித் தானே பிரேக் பிடிக்கும் வகை. உப்புநீரில் இறங்கி ஏறுவதால் அதன் தண்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. அடுத்த பயணத்துக்கு முன் கழற்றித் துடைத்து மசகு பூசச் சொல்லியிருக்கிறேன்.

6 ஏப்ரல் 2025

அவரைப் பற்றிப் பிறகு என்று சொல்லியிருந்தேன் அல்லவா, இன்று அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு டிரெய்லர் பின்னோக்கி எடுக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர். நாங்கள் எல்லாரும் அண்ணே என்றுதான் அழைப்போம். எழுபதைத் தாண்டிவிட்டார், ஈசூனில் பேரப்பிள்ளைகளுடன் இருக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சொன்னது இது: "தம்பி, பின்னால மாட்டியிருந்தா நாலுக்கு மேல போகாதே." ஏன் என்று கேட்டதற்கு, ஐந்து உடையும் என்றார். நான் நம்பவில்லை. அவர் ஓட்டிய பழைய வண்டிகளுக்கு அது பொருந்தும், புதிய டீசலுக்குப் பொருந்தாது என்று நினைத்துக்கொண்டேன். அதன் விளைவைத்தான் இரண்டாம் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

இன்று என் கணக்குகளையெல்லாம் அவரிடம் காட்டினேன். 0.687, 1,600 சுற்று, கன்வெர்ட்டர் பூட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். புகைக்குழாயின் சூட்டைப் பார்த்தாயா என்றார். பார்க்கவில்லை என்றேன்.

அவர் சொன்னதை என் சொற்களில் எழுதுகிறேன். டீசலில் மிதியை அழுத்தினால் எஞ்சினுக்குள் போகும் டீசல் எண்ணெய் உடனே கூடும், காற்று உடனே கூடாது. சுற்றுக் குறைவாக இருக்கும்போது டர்போ தள்ளும் காற்று போதாது. எண்ணெய் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. காற்றுக்கு மேல் எண்ணெய் கூடினால் கரும்புகையும் வரும், வெளியேறும் வாயுவின் வெப்பமும் ஏறும். டர்போவுக்கு முன்னால் 700 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் நிற்கவிடக் கூடாது என்பது டீசல்காரர்கள் வைத்திருக்கும் எல்லை. ஒரு கியர் இறக்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, காற்று கூடுகிறது, வாயுவின் வெப்பம் இறங்குகிறது. தண்ணீர்ப் பம்பும் வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் வார்ப்பட்டையில் ஓடும் விசிறி இருந்தால் அதுவும் அப்படியே. கியரை இறக்கினால் எஞ்சின் சத்தம் போடுகிறதே, சூடாகுமே என்று பயப்படுகிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு.

புகைவடிகட்டி உள்ள வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். சிங்கப்பூரில் புதிய டீசல் வண்டிகளுக்கு 2014-இல் யூரோ 5, 2018-இல் யூரோ 6 என்ற புகை வெளியீட்டுத் தரம் கட்டாயமானது. அந்தத் தர வண்டிகளில் பெரும்பாலும் கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. முக்கிக்கொண்டே ஓட்டினால் கரி அதில்தான் சேரும்.

"ஐந்து உடையும்" என்று அன்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். நீ அன்று இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டிருப்பாயா என்றார். எனக்குப் பதில் இல்லை. தேநீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

20 ஏப்ரல் 2025

கேள்வி கேட்ட வாசகர் மறுபடியும் எழுதியிருக்கிறார். பொத்தானை அணைத்து மூன்று வாரம் ஓட்டினாராம். டிரெய்லர் இல்லாத நாளிலும் அணைத்தே வைத்திருந்ததால் வண்டி டீசல் எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்கிறார்.

டிரெய்லரைக் கழற்றியதும் பொத்தானைத் திரும்ப அழுத்திவிடுங்கள். வெறும் வண்டியில் 70-இல் போகும்போது ஓவர்டிரைவ் தன் வேலையைச் செய்யட்டும். அதற்காகத்தான் அதை வைத்தார்கள். முகப்பில் அணைந்த நிலையைக் காட்டும் சிறு விளக்கு எரிகிறதா என்று கொக்கியை மாட்டும்போதும் கழற்றும்போதும் பாருங்கள். பல வண்டிகளில் எஞ்சினை அணைத்து மறுபடி தொடங்கினால் ஓவர்டிரைவ் தானாகவே திரும்ப வந்துவிடும். உங்கள் வண்டி எப்படி என்பதை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் போடும் நிலையத்தில் நிறுத்திவிட்டுக் கிளம்பிய பிறகு பொத்தானை மறந்து ஏற்றத்தில் அலையவிட்டவர்கள் எங்கள் நிறுவனத்திலேயே உண்டு.

இன்னொன்றும் கேட்டிருந்தார்: உட்லண்ட்ஸ் கடற்பாலத்து நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஓவர்டிரைவை அணைக்க வேண்டுமா? அந்த வேகத்தில் கியர்பாக்ஸ் ஓவர்டிரைவுக்கு ஏறவே ஏறாது. அணைத்தாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். ஆனால் கன்வெர்ட்டர் பூட்டு விழாமல் எண்ணெய் கடையப்பட்டுக்கொண்டே இருக்கும் இடம் அதுதான். இரண்டு அடிக்கு ஒருமுறை நகராமல், முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, சேர்த்து நகருங்கள்.

4 மே 2025

மச்சானின் வண்டியில் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு இன்னொரு குளிர்விப்பான் பொருத்த முடிவு செய்திருக்கிறோம். ரேடியேட்டருக்கு முன்னால், காற்று முதலில் படும் இடத்தில். எண்ணெயையும் அன்றே மாற்றிவிடலாம் என்றிருக்கிறார்; பழைய எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம், சிவப்பு போய்ப் பழுப்பாகிவிட்டது, ஆனால் கருகிய வாடை இல்லை. டிரெய்லரின் பிரேக் தண்டு இப்போது தாராளமாக ஓடுகிறது.

ஜூன் விடுமுறையில் மறுபடியும் மெர்சிங். அதே படகு, அதே ஏற்றங்கள், நான்காவது கியர். மார்ச் மாதப் பயணத்தில் ஜெமாலுவாங்கை நெருங்கும் ஏற்றத்தில் எண்ணெய் 101 வரை போயிருந்தது. குளிர்விப்பான் பொருத்திய பிறகு அதே இடத்தில் எத்தனை காட்டுகிறது என்று பார்த்து இங்கே எழுதுகிறேன்.